மூன்று சுழலிகளும் ஒரு பெட்டித் தட்டுகளும்

பாட்டுக் கேட்பதில் ஆழ்ந்த ஈடுபாடுடைய ஒருவரின் வீட்டுக்கு முதன்முறையாகச் செல்வோர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மனிதருக்கு இருப்பவை இரண்டு காதுகள். ஒரு வேளையில் கேட்கக்கூடியது ஒரே பாட்டு. அவ்வாறாயின் இசைத்தட்டைச் சுழற்றும் கருவி மட்டும் இரண்டும் மூன்றுமாக இருப்பது எதற்காக? கேட்போர் பெரும்பாலும் விடையையும் தாமே வைத்திருப்பர். ஆசை என்பர் சிலர். ஆடம்பரம் என்பர் சிலர். பித்து என்று சொல்லிச் சிரிப்போரும் உளர். கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் கேட்கப்படும் இக்கேள்வி ஹாலிஎலையிலும் கேட்கப்பட்டது. அங்கு கிடைத்த விடை சற்று வேறானது.

பதுளைக்கு முந்திய புகையிரத நிலையம் ஹாலிஎல. 1924இல் பதுளையைச் சென்றடைந்த மலைநாட்டுப் பாதை, தெமோதரையில் தன்னைத்தானே சுற்றி இறங்கி, இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. நுவரெலியா, வெலிமடை வழியாக வரும் வீதியும், பண்டாரவளை வழியாக வரும் வீதியும் இங்கேயே கூடுகின்றன. சுற்றிலும் தேயிலை மலைகள். கடைவீதிக்குச் சற்று மேலே உள்ள ஒரு வீட்டின் முன்னறையில் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை மூன்று சுழலிகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். முன்னர் திருவிழாக்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். ஆதலால் ஊரார் அவரை இன்றும் ‘ஸ்பீக்கர்க்காரர்’ என்றே அழைப்பர்.

மூன்றனுள் முதலாவது, விசை முறுக்கி இயக்கும் கிராமபோன் பெட்டி. ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வொய்ஸ்’ நிறுவனத்தின் 102ஆம் இலக்க வகையைச் சேர்ந்தது. மூடியைச் சாத்தினால் கைப்பெட்டி போலத் தூக்கிச் செல்லலாம். இரண்டாவது, இங்கிலாந்தின் கரார்ட் நிறுவனம் செய்த மின்சாரச் சுழலி. நான்கு வேகங்கள் கொண்டது. மூன்றாவது, ஜப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.1200 எம்.கே.2. 1979இல் வெளிவந்த இவ்வகை, உலகெங்கும் நடன அரங்குகளிலும் வானொலி நிலையங்களிலும் இடம்பிடித்தது.

பாடசாலை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஒருநாள் கேட்டாள்.

“எதுக்குத் தாத்தா மூணு? கேக்குறது நீங்க ஒருத்தர்தானே?”

“கேக்குறது ஒருத்தன்தான் புள்ள. பாடுறது ஒருத்தரா?”

இவ்விடை முதலிற் சாமர்த்தியமான பேச்சாகவே தோன்றும். ஆயின் இசைத்தட்டின் வரலாற்றை அறிந்தவர்க்கு அது நேரான உண்மை என்பது விளங்கும்.

எமில் பெர்லினர் என்பார் தட்டை வடிவிலான இசைத்தட்டுக்கு 1887இல் உரிமம் பெற்றார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டுகள் அரக்கினால் வார்க்கப்பட்டன. அவ்வரக்கிற் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சியிடமிருந்து பெறப்பட்டது. 1908இல் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டமைக்கு அதுவும் ஒரு வசதியாயிற்று. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் இத்தட்டில் பத்து அங்குல அளவினது ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவே பாடும். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33 1/3 முறை சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டிலேயே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 45 முறை சுழலும் சிறுதட்டை வெளியிட்டது. இவை வினைல் எனும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. எனினும் இந்தியாவில் அரக்குத் தட்டுகள் உடனே மறையவில்லை; 1960களின் நடுப்பகுதியிலும், பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள்கூட அங்கு 78 வேகத் தட்டுகளாக அச்சிடப்பட்டன.

வேகம் மட்டுமே வேறுபடுமாயின் ஒரு விசையைத் திருப்பி அதனைச் சமாளித்துவிடலாம். உண்மையான வேறுபாடு ஊசியில் உள்ளது. 78 வேகத் தட்டின் தவாளிப்பு அகன்றது. அதிற் செல்லும் ஊசியின் முனை, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்களவு ஆரமுடையது. நெடுநேரத் தட்டுக்கு உரியதோ ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் நுண்ணியது. நுண்ணிய ஊசியை அகன்ற தவாளிப்பில் இட்டால் அது அடியிலுள்ள அழுக்கில் உராய்ந்து இரைச்சலை மட்டுமே எடுத்துத் தரும். பருத்த ஊசியை நுண்ணிய தவாளிப்பில் இட்டால் தவாளிப்பின் விளிம்பு சிதையும். அந்தத் தட்டு பின்னர் எக்கருவியிலும் சீராகப் பாடாது.

எடையும் அத்தகையதே. விசைக் கிராமபோனின் ஒலித்தலை நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரத்தைத் தட்டின்மேல் வைக்கும். டெக்னிக்ஸ் போன்ற கருவியில் ஊசியின் பாரம் இரண்டு கிராம் அளவே. அரக்குத் தட்டில் கற்பொடி கலக்கப்பட்டிருப்பதால் அது உருக்கு ஊசியைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனாலேயே ஒரு பக்கம் பாடி முடிந்தவுடன் ஊசியை மாற்றவேண்டும் என்பது விதி. வினைல் தட்டுக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் வலிமை இல்லை. சுருங்கக் கூறின், ஒரு காலத்துத் தட்டு மற்றொரு காலத்துக் கருவியில் ஒன்றில் ஊமையாகும், அன்றேல் அழியும்.

இங்கு ஒரு மறுப்பு எழுதல் இயல்பு. கரார்ட்டில் நான்கு வேகங்களும் உள்ளன. அதன் தலையில் இரு முகங்கொண்ட ஊசியும் உண்டு. ஒருபுறம் திருப்பினால் அரக்குத் தட்டுக்கும், மறுபுறம் திருப்பினால் நெடுநேரத் தட்டுக்கும் பொருந்தும். அதுவொன்றே போதாதா? போதும் என்றெண்ணியே அத்தகைய கருவிகள் செய்யப்பட்டன. ஆயின் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது எதற்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. அவ்வகைத் தலைகள் நெடுநேரத் தட்டுக்கு வேண்டியதிலும் மிகுந்த பாரத்தை அதன்மேல் ஏற்றுவன. ஊசியைத் திருப்ப மறந்துவிடும் மறதியும் மனித இயல்பு. ஸ்பீக்கர்க்காரரிடம் அவ்வாறு ஓர் இரவில் கெட்டுப்போன நெடுநேரத் தட்டு ஒன்று உண்டு. அதனை அவர் எறியவில்லை. பாடம் என்று சொல்லிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் தொழிலிலிருந்து பிறந்தது. 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி, 1949இல் இலங்கை வானொலி எனப் பெயர் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. அதன் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு கடல் கடந்து தென்னிந்தியாவிலும் வீடுதோறும் கேட்கப்பட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்களுக்கிடையே பாட்டுகள் இடைவெளியின்றி வந்து விழுந்தன. உலகெங்கும் வானொலி நிலையங்களில் அறிவிப்பாளர் முன்னால் இரு சுழலிகள் இருந்தமை அதற்காகவே. ஒன்று பாடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் அடுத்த தட்டின் தொடக்கத்தைக் கண்டு நிறுத்தி வைத்துக்கொள்வர். கேட்போருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. தெரியாதிருப்பதே அதன் வெற்றி.

பிறிதோர் உலகிலும் இதே ஏற்பாடு புதியதோர் இசையைப் பிறப்பித்தது. நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில், ஜமேக்காவிலிருந்து குடிபெயர்ந்த கூல் ஹேர்க் என்னும் இளைஞர், 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி நடந்த ஒரு விருந்தில் இசைத்தட்டுகளை இயக்கினார். ஒரே தட்டின் இரு பிரதிகளை இரு சுழலிகளில் மாறி மாறி இயக்கி, ஆடுவோர் விரும்பிய சிறு தாளப் பகுதியை நீட்டிச் செல்வது அவர் கையாண்ட முறை. ஹிப்ஹொப் இசையின் தொடக்கமாக அவ்விருந்து கொள்ளப்படுகின்றது. வறியோர் வாழ்ந்த அப்பகுதியில் இரண்டாவது சுழலி ஆடம்பரமாக இருக்கவில்லை, இசைக்கருவியாகவே இருந்தது.

ஊவாத் தோட்டங்களில் அதற்கிருந்த தேவை இன்னும் எளியது. 1970களில் ஸ்பீக்கர்க்காரர் தொழிலுக்கு வந்தபோது பெரும்பாலான லயங்களில் மின்சாரம் இல்லை. மோட்டார் வண்டி மின்கலத்தில் இயங்கும் அம்பிளிபயரும், குழாய் வடிவ ஒலிபெருக்கி இரண்டும், விசை முறுக்கும் சுழலி ஒன்றுமே மூலதனம். இவற்றை ஆட்கள் தலைச்சுமையாக மலைக்கு ஏற்றுவர். மாரியம்மன் திருவிழா இரவில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை மாற்றி, ஊசியை மாற்றி, விசையை முறுக்கி முடிப்பதற்குள் மலை முழுவதும் ஓசையடங்கிப்போகும். அந்த இடைவெளியிற்றான் குடித்தவனின் ஏச்சும் பிள்ளையின் அழுகையும் பழைய பகையும் காதில் விழும் என்று அவர் கூறுவார். ஒருமுறை கல்யாண வீடொன்றில் தாலி கட்டும் வேளையில் சுழலியின் விசை அறுந்தது. வாத்தியக்காரருக்குக் கொடுக்கப் பணமின்றித் தட்டிலுள்ள நாதஸ்வரத்தையே நம்பியிருந்த வீடு அது. அந்த மௌனத்தில் பெண்ணின் தாயார் தலைகுனிந்து நின்றதை அவர் மறக்கவில்லை. அம்மாத வருமானம் முழுவதையும் கொடுத்து இரண்டாவது சுழலியை அவர் வாங்கினார்.

மூன்றாவது காரணம் தட்டுப்பாடு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் ஊசிப்பெட்டி ஒன்று கிடைப்பது அரிதாயிற்று. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு ஜப்பானிய கசெட் கருவிகள் வந்து குவிந்தன. ஊசிக்கு வந்த பஞ்சம் போய்த் தட்டுக்கே வேலையில்லாமற் போயிற்று. 2020இன் பின் மீண்டும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. இத்தகைய நாட்டில் பழைய சுழலி வைத்திருப்பவர், ஒன்று நோயுற்றால் மற்றொன்று பாடும் என்ற நம்பிக்கையிலேயே காலம் கழிக்கவேண்டும். கரார்ட்டின் தட்டைச் சுழற்றுவது உள்ளேயிருக்கும் ஒரு சிறு இறப்பர்ச் சக்கரம். கருவி இயங்காத வேளையில் அதனை அழுத்தியபடியே விட்டுவிட்டால் அதில் ஒரு தட்டை விழுந்து, பின்னர் ஒவ்வொரு சுற்றிலும் ‘டொக்’ என்று ஒலிக்கும். பெல்ட்டால் இயங்கும் சுழலிகளில் பெல்ட் காலப்போக்கில் தளரும். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் மழை. அப்போது தட்டுகளின் உறைகளிற் பூஞ்சணம் படரும். ஆனி முதல் வீசும் காற்று தேயிலைக்கு நறுமணம் தருவது. அதே காற்று தட்டுகளின் மேல் புழுதியையும் கொண்டுவந்து படியவிடும்.

இவை யாவும் உண்மையே. எனினும் இக்காரணங்களின் பின்னால் ஆசை ஒளிந்திருப்பதையும் மறைத்தற்கில்லை. உலகில் இசைத்தட்டு ஆர்வலர் பலர், ஒரே தட்டு வெவ்வேறு கருவிகளில் வெவ்வேறு குணத்தோடு பாடுவதைக் கேட்டு மகிழ்வதற்காகவே சுழலிகளைச் சேர்க்கின்றனர். சக்கரத்தால் இயங்குவதில் தாளம் அழுத்தமாகக் கேட்கும் என்பர். பெல்ட்டால் இயங்குவதில் அமைதி மிகுதி என்பர். மோட்டார் நேராகச் சுழற்றுவதில் சுருதி பிசகாது என்பர். பாட்டின் குணம் என்று எண்ணியிருந்தது கருவியின் குணமே என்று ஒருவர் அறிந்துகொள்வதற்கு இரண்டாவது கருவி வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆயின் பாட்டை விட்டுக் கருவியையே கேட்கத் தொடங்கிவிடும் அபாயமும் அதில் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 2022இல் விற்பனையான வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987இன் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுகளின் எண்ணிக்கையை விஞ்சியது. அவ்வளவு பேரும் பாட்டுக்காகவே வாங்கினார்கள் என்று கூறத் துணிவார் எவருமிலர்.

மேலும், மூன்று சுழலிகள் வைக்க இடம் வேண்டும். லயத்தின் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் நிகழவேண்டும். அங்கு ஒரு லயத்துக்கு ஒரு வானொலி இருந்தாலே பெரிது. தோட்டத்தை விட்டு ஊருக்குள் வீடு கட்ட முடிந்தவரே முன்னறையில் மூன்றை வைத்துப் பார்க்க முடிந்தது. ஸ்பீக்கர்க்காரர் இதனை அறியாதவரல்லர். அவர் அறிந்ததற்குக் காரணம் ஒரு மரப்பெட்டி.

அவருடைய தந்தையார் ஹாலிஎலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். விசைக் கிராமபோன் அவருடையது. ஆனால் அவரிடம் தட்டுகள் மிகச் சிலவே இருந்தன. அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரிடம் தட்டுகள் இருந்தன. அவற்றைச் சுழற்றப் பெட்டி இல்லை. தீபாவளி முற்பணம் கிடைக்கும்போது ஒரு தட்டு, பொங்கலுக்கு ஒரு தட்டு என்று பதுளைக்கு நடந்துசென்று வாங்கி வருவார். பெட்டி வாங்கும் அளவுக்குப் பணம் சேராது என்பது அவருக்குத் தெரியும். பாட்டு வாங்கும் அளவுக்குச் சேரும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை வீட்டு இஸ்தோப்புக்கு வருவார்.

“கணக்கப்புள்ள ஐயா, ஒரு தட்டுக் கொண்டாந்திருக்கேன். போடலாமுங்களா?”

அவர் படியில் அமர்வார். கணக்கப்பிள்ளை நாற்காலியில் அமர்வார். அந்த ஏற்றத்தாழ்வு பாட்டுக் கேட்கும் நேரத்திலும் மாறியதில்லை. எனினும் கே.பி. சுந்தராம்பாளின் குரலோ, திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடியோ ஒலிக்கும் மூன்று நிமிடங்களில், பெட்டி வைத்திருப்பவருக்குத் தட்டு வைத்திருப்பவர் தேவைப்பட்டார். விசையை முறுக்கும் வேலை கணக்கப்பிள்ளையின் மகனுக்கு, அதாவது பிற்காலத்து ஸ்பீக்கர்க்காரருக்கு, விடப்பட்டிருந்தது.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் தொழிற்சாலைக்காரரின் குடும்பத்துக்குப் பத்திரம் வந்தது. தலைமன்னார் சென்று கப்பலேறவேண்டும். அரக்குத் தட்டு கனமானது, கைதவறினால் நொறுங்குவது. 38 தட்டுகளையும் தேயிலைப் பெட்டிப் பலகையிற் செய்த பெட்டியில் அடுக்கி, மூடியில் தம் பெயரைத் தார்மையால் எழுதி, இருள் பிரியுமுன் கணக்கப்பிள்ளை வீட்டுக்குத் தூக்கி வந்தார்.

“ஒடைஞ்சு போயிரும் ஐயா. போய்ச் சேந்து எடம் பாத்துக்கிட்டுக் கடுதாசி போடுறேன். அதுவரைக்கும் பெட்டியில போட்டுக் கேளுங்க. தம்பி, ஊசிய மாத்த மறந்துறாத.”

நீலகிரிப் பக்கம் போவதாக அவர் கூறியிருந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கு தேயிலைத் தோட்டங்களை அமைத்து வந்தது. கடிதம் வரவில்லை. கணக்கப்பிள்ளை காலமானார். பெட்டி மகனிடம் வந்தது. 1983 ஜூலையில் வன்செயல் பதுளையை எட்டி, தமிழர் கடைகள் எரிந்தபோது ஸ்பீக்கர்க்காரரின் கடையும் எரிந்தது. அம்பிளிபயர்களும் இரண்டு சுழலிகளும் அழிந்தன. மரப்பெட்டியும் விசைக் கிராமபோனும் வீட்டில் இருந்தமையால் தப்பின. அவற்றையும் அவர் குடும்பத்தையும் அயலிலிருந்த சிங்களக் குடும்பமொன்று தம் வீட்டில் வைத்துக் காத்தது. கரார்ட்டும் டெக்னிக்ஸும் அதன்பின் பல ஆண்டுகளில், பழைய பொருள்களாக, ஒவ்வொன்றாக வாங்கப்பட்டவை.

காரணங்கள் எவ்வளவு அடுக்கப்பட்டாலும், ஒன்றை விற்கவேண்டிய நாளில்தான் அவற்றின் உண்மை சோதிக்கப்படும். அந்நாள் 2022இல் வந்தது. டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. மருந்துக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு. மனைவியாரின் கண் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்பட்டது. சுழலிகளை விற்றுவிடலாம் என்றான் மகன்.

“ஒன்ன வச்சுக்கிட்டு ரெண்டக் குடுத்துரலாம்பா. நல்லதா ஒன்னு இருந்தாப் போதாதா?”

நல்லது எது என்பதில் ஐயமில்லை. டெக்னிக்ஸே மூன்றனுள் துல்லியமாகப் பாடுவது, பழுதின்றி இருப்பது, விலையும் அதற்கே அதிகம். மகன் எண்ணியது அதனை வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் கொடுத்துவிடுவதே. அவர் சில நாள் விடை சொல்லவில்லை.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. வானொலி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி யாவும் ஒவ்வொன்றாக அடங்கிய ஓர் இரவில் அவர் விசைப் பெட்டியை இஸ்தோப்புக்கு எடுத்துவந்து முறுக்கினார். மரப்பெட்டியிலிருந்து தோடியை எடுத்து வைத்தார். இருட்டில் அயலவர் சிலர் வந்து படிகளில் அமர்ந்தனர். மின்சாரம் இல்லாத லயங்களுக்காக வாங்கப்பட்ட தட்டு, மின்சாரம் இருந்தும் இல்லாத ஊருக்குப் பாடியது. மூன்று நிமிடத்தில் முடிந்தது. மறுபக்கத்தைப் போடும்படி கேட்டபோது அவர் தயங்கினார். உருக்கு ஊசி செல்லும் ஒவ்வொரு முறையும் தவாளிப்பு சிறிது தேயும். தேய்வது தம்முடைய பொருளன்று என்பது அவருடைய தயக்கம்.

அத்தயக்கத்தைத் தீர்த்தவள் பேத்தி. தட்டின் ஒலியைக் கணினியிற் பதிந்து வைத்தால் பின்னர் தட்டைத் தேய்க்காமலே கேட்கலாம் என்றாள். விசைப் பெட்டியில் அவ்வாறு பதிவது சரியன்று. நூறு கிராம் பாரத்துக்குப் பதிலாகச் சில கிராம் பாரத்தில் ஓடும் கரார்ட்டே அதற்கேற்றது. அதன் ஊசியும் அரக்குத் தட்டின் பக்கமாகத் திருப்பக்கூடியது. டெக்னிக்ஸ் அதற்குப் பயன்படாது. அதன் வேகங்கள் 33உம் 45உம் மட்டுமே. உலகின் ஆவணக் காப்பகங்களும் இவ்வாறே ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்ற ஊசியைத் தேர்ந்து பதிவு செய்கின்றன. ‘ஓடியன்’, ‘யங் இந்தியா’ ஆகிய இந்திய இசைத்தட்டுகளும், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தனிப்பட்ட சேகரிப்பாளர்களிடமிருந்து தேடியெடுத்து எண்ணிமப்படுத்தப்பட்டன. நிறுவனங்கள் வைத்திராதவற்றைப் பல வேளைகளில் வீடுகளே வைத்திருக்கின்றன. தட்டு வீட்டிலிருந்தால் அதற்குரிய சுழலியும் வீட்டிலிருக்கவேண்டும்.

டெக்னிக்ஸே விற்கப்பட்டது. மகனுக்கு இது விளங்கவில்லை. நல்ல கருவியைக் கொடுத்துவிட்டுப் பழையவற்றை வைத்துக்கொள்வது கணக்குக்கு ஒவ்வாது என்றான். தந்தையின் விடை சுருக்கமானது.

“அதுல கேட்டதெல்லாம் ஊர் முழுக்கக் கெடக்குதப்பா. எங்க வேணும்னாலும் கேக்கலாம். இந்தப் பொட்டியில உள்ளத வேற எதுல கேக்குறது?”

வாங்க வந்தவர் கொழும்பைச் சேர்ந்த இளைஞர். விடுதிகளில் இசைத்தட்டுகளை இணைத்து இசைப்பவர். அவரிடம் அதே வகையில் ஒன்று ஏற்கெனவே இருந்தது. “எதுக்கு ரெண்டு?” என்று கேட்ட ஸ்பீக்கர்க்காரர், விடையை எதிர்பாராமல் தாமே சிரித்துவிட்டார். பணத்தில் மனைவியாரின் ஒரு கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. மறு கண்ணுக்கு இன்னும் பணம் சேரவில்லை. கரார்ட்டையும் கொடுத்திருந்தால் சேர்ந்திருக்குமோ என்ற கேள்வி அவ்வீட்டில் அவ்வப்போது எழுவதுண்டு. அம்மையார் அதனை ஒருபோதும் எழுப்பியதில்லை. எழுப்பாதிருப்பதே அவருக்கு நோவாக இருக்கின்றது.

38 தட்டுகளில் இரண்டு முன்னரே உடைந்தவை. எஞ்சிய 36உம் கரார்ட்டில் ஓடிப் பதிவாகியுள்ளன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள தூரத்து உறவினர் வழியாக, மூடியிலுள்ள பெயரைச் சொல்லி விசாரிக்கப்படுகின்றது. போனவர் இன்றிருந்தால் நூறு வயதை எட்டியிருப்பார், பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் கிடைத்தால் பாட்டுகளை நொடிப்பொழுதில் அனுப்பிவிடலாம். ஆயின் தட்டுகளையே வேண்டும் என்று அவர்கள் கேட்பார்களாயின் பெட்டியோடு கொடுத்துவிட வேண்டும் என்பதும், கேட்டுப் பார்க்க அவர்களிடம் கருவி இராதாகையால் விசைக் கிராமபோனையும் உடன் கொடுத்துவிட வேண்டும் என்பதும் ஸ்பீக்கர்க்காரரின் முடிவு. அப்போது ஹாலிஎலை வீட்டில் எஞ்சுவது ஒரேயொரு சுழலி. எதற்காக இத்தனை என்று பின்னர் எவரும் கேட்கப்போவதில்லை.

அதுவரை மாதத்துக்கு ஒருமுறை அவர் அந்தப் பெட்டியைத் திறந்து, அச்சுக்கு எண்ணெய் இட்டு, சிறிது முறுக்கி ஓடவிடுகிறார். முறுக்கேறிய நிலையிலேயே விட்டுவிட்டால் வில் தளர்ந்துவிடும் என்பதால், தட்டு முழுவதும் நிற்கும் வரை பார்த்திருந்து, அதன் பின்னரே மூடியைச் சாத்துகிறார்.